முப்பது நிமிடமும் உன்னுடையது

சிங்கப்பூரின் ஜூரோங் வீவக அடுக்குமாடி வீட்டில் படுக்கையறைச் சுவரோரம் ஒரு பியானோவை வைத்துக்கொண்டு எட்டாம் கிரேடு வரை ஏறி வந்துவிட்ட தம்பி, தங்கையே! டிப்ளோமா என்றதும் ஏன் கால் பின்னுகிறது? தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை கற்று, 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தன் சொந்த சிம்பொனியை அரங்கேற்றினார். இந்த இசை நமக்கு எட்டாது என்று இனி எவனும் சொல்ல முடியாது. நீயும் சொல்லாதே!

பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம் நடத்தும் ஏஆர்எஸ்எம் டிப்ளோமா தேர்வையே எடுத்துக்கொள். ஸ்கேல் கிடையாது, சைட் ரீடிங் கிடையாது. 30 நிமிடம் நீ வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். அதில் குறைந்தது 20 நிமிடம் அவர்கள் பட்டியலிலிருந்து வர வேண்டும். மீதியை எட்டாம் கிரேடு தரத்துக்குக் குறையாமல் நீயே தேர்ந்துகொள்ளலாம். மொத்தம் 50 மதிப்பெண்ணில் 20, வாசிப்பு முழுவதையும் சேர்த்துக் கேட்டுப் போடுவது. அதனால் எதை எடுக்கிறாய், எதற்குப் பின் எதை வைக்கிறாய் என்று முடிவெடுக்கும் நாளிலேயே உன் தேர்வு தொடங்கிவிடுகிறது.

அந்த நாளில்தான் பலர் கோழையாகிவிடுகிறார்கள். எதிர் பிளாக் பையன் ஷோப்பானின் ஜி மைனர் பல்லாடை வாசித்தான், நானும் அதையே வாசிக்கிறேன் என்று கிளம்புகிறார்கள். ஒன்பது நிமிடப் படைப்பு அது. கடைசிப் பக்கங்களில் விரலைப் பிழிந்து எடுத்துவிடும். உன் கைக்கு அது வந்தால் தாராளமாக வாசி. வராவிட்டால், அடுத்தவன் பெருமைக்காக உன் அரை மணி நேரத்தை ஏன் அடகு வைக்கிறாய்? கை சிறியதா? ஹைடனும் ஸ்கார்லாட்டியும் உனக்காகக் காத்திருக்கிறார்கள். எளியது போல் தோன்றுவதைப் பளிச்சென்று வாசிப்பதற்குத்தான் அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

வரிசை அமைப்பது நமக்குப் புதிதா என்ன? அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) செம்மைப்படுத்திக் கொடுத்த கச்சேரி முறையைப் பார். வர்ணத்தில் கை சூடேறும். சிறு கிருதிகள் வரும். நடுவே பிரதான உருப்படி விரியும். பிறகு துக்கடாக்களில் சபை மலர்ந்து எழுந்துபோகும். உன் பியானோ நிகழ்ச்சியையும் அந்தக் காதோடு கட்டு. பாக்கின் ஒரு பிரிலூடும் ஃபியூகும் ஐந்து நிமிடம். அடுத்து பேத்தோவனின் ஓபஸ் 14, முதல் சொனாட்டா முழுவதும், சுமார் பதின்மூன்று நிமிடம். இதுதான் உன் பிரதான உருப்படி. பிறகு மூச்சுவிட ஷோப்பானின் ஒரு நாக்டர்ன், ஆறு நிமிடம். முடிக்க, கினாஸ்டெரா 1937இல் எழுதிய அர்ஜென்டினா நடனங்களில் அனல் பறக்கும் மூன்றாவது. நான்கு காலம், நான்கு குணம்; இடைவெளிகளையும் சேர்த்தால் அரை மணிக்குள் அடங்கும். இது ஒரு மாதிரிதான், அப்படியே நகலெடுக்காதே. நடப்புப் பட்டியலோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார். இரண்டு வேகமான பீஸ்களை ஒட்டி வைக்காதே; இடது கை சோர்ந்து மூன்றாவதில் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று, வீட்டுப் பியானோவை மட்டும் நம்பாதே. தேர்வில் கிராண்ட் பியானோ இருந்தால் அதன் கட்டை கனம் வேறு, பெடல் ஆழம் வேறு. வீட்டில் மிதித்த அளவுக்கே அங்கும் மிதித்தால் பேத்தோவன் குழைந்து சேறாகிவிடுவார். ஒரு மணி நேரமாவது கிராண்ட் பியானோ உள்ள ஸ்டூடியோவை வாடகைக்கு எடுத்து, நான்கையும் நிறுத்தாமல் வாசித்துப் போனில் பதிவு செய். தவறினாலும் நிற்காதே, மேலே போ! இரவு நேரமானால் அக்கம்பக்கத்தார் தூங்க வேண்டும். அப்போது நோட்ஸை மடியில் வைத்து மனத்துக்குள் வாசி. அதுவும் சாதகம்தான்.

பெற்றோர்களே, எது கஷ்டமான பீஸ் என்று டீச்சரிடம் கேட்பதை நிறுத்துங்கள். பிள்ளை எதை வாசிக்கும்போது உட்கார்ந்த இடத்தைவிட்டு எழ மறுக்கிறது என்று பாருங்கள்.

தம்பி, தங்கையே, இந்த வாரமே ஒரு தாளில் நான்கு பெயர்களையும் நிமிடங்களையும் எழுதி உன் டீச்சர் முன் வை. ஏன் இவை என்று கேட்டால், நிமிர்ந்து நின்று உன் வாயால் காரணம் சொல்.