தமயந்தியின் சிவப்புச் சேலை

திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்திற்குச் செல்பவர்கள் ராஜா ரவிவர்மாவின் ‘ஹம்ஸ தமயந்தி’ ஓவியத்தின் முன் சற்று நிற்காமல் வருவதில்லை. 1899ஆம் ஆண்டின் எண்ணெய் வண்ணப் படைப்பு அது. 1935இல் தொடங்கப்பட்ட ஸ்ரீசித்ரா கலைக்கூடம் அவ்வளாகத்தில்தான் உள்ளது. ரவிவர்மாவுக்கெனத் தனிக்கூடம் ஒன்றும் 2023இல் அங்கே திறக்கப்பட்டது. சிவந்த சேலையில் தமயந்தி நிற்கிறாள். எதிரே வெண்ணிற அன்னம், நளனைப் பற்றிக் கூறிக்கொண்டிருக்கிறது.

ஒருமுறை அன்பர்கள் இருவருடன் அதைக் கண்டேன். “அந்தச் சிவப்பிலேயே காதல் தெரிகிறதே, சுவாமிஜி!” என்றார் ஒருவர். மற்றவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “எனக்கு அது துயரமாகத் தெரிகிறது” என்றார். மனைவியை இழந்து ஓராண்டு ஆகியிருந்தது அவருக்கு. அம்மையாரின் கூறைச் சேலையும் சிவப்பாம். ‘ஓவியர் அப்படி எண்ணியிருக்க மாட்டார்’ என்று முதலாமவர் திருத்த முற்பட்டார்.

அத்துயரம் பிழையா?

பரதமுனிவர் நாட்டிய சாஸ்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் ஒவ்வொரு ரஸத்திற்கும் ஒரு நிறம் வகுக்கிறார். கருணைக்குப் புறாவின் சாம்பல் நிறம், ரௌத்திரத்திற்குச் சிவப்பு, ஹாஸ்யத்திற்கு வெண்மை. அதன்படி பார்த்தால் தமயந்தி சினந்து நிற்கிறாள், அன்னம் நகைச்சுவை பேசுகிறது! சிருங்காரத்தின் நிறமோ ‘சியாமம்’. அது கருமையா, நீலமா, பசுமையா என்பது மொழிபெயர்ப்போரைத் தீராமல் வருத்தும் கேள்வி. கேரளத்துக் கதகளியில் நளன் பச்சை முகத்துடன் வருகிறான். ஆக, நிறத்திற்கும் உணர்ச்சிக்கும் உள்ள தொடர்பு மரபு தருவது. சாயத்திலேயே அது உறைவதில்லை.

அப்படியானால் யாரும் எதையும் காணலாமா? அபிநவகுப்தர் அதற்கு இடம் தரவில்லை. ரஸ அனுபவத்திற்குத் தடைகளாக அவர் கூறுபவற்றுள் ஒன்று, காண்பவன் தன் சொந்த இன்பதுன்பங்களில் மூழ்கிக் கிடப்பது. நம் அன்பரின் நிலை அதுவே எனத் தோன்றலாம். ஆனால் உள்ளத்தில் வாசனைகள், அதாவது முன் அனுபவங்களின் பதிவுகள், இல்லாதவனுக்கு ரஸமே இல்லை என்றும் அவரே கூறுகிறார். பிரிவை அறியாதவனுக்குப் பிரிவின் ஓவியம் வெறும் சாயம்தான். கதவும் தடையும் ஒன்றாகவே இருக்கின்றன. இச்சிக்கலை எளிதில் தீர்த்துவிட முடியும் என நான் நம்பவில்லை.

திரும்பும்போது அன்பர் தாமாகவே பேசினார்: “முதலில் என் நினைவுதான் வந்தது, சுவாமிஜி. பிறகு கதை நினைவுக்கு வந்தது. காட்டில் அவள் உறங்கும்போது நளன் அவள் ஆடையில் பாதியை அறுத்துக்கொண்டு போய்விடுவானே! அது தெரியாமல் அல்லவா அன்னம் சொல்வதை இவ்வளவு ஆசையாகக் கேட்கிறாள்?”

இப்போது அவர் வருந்தியது தமயந்திக்காக. தம் இழப்பில் தொடங்கிய பார்வை அவளிடம் சென்று சேர்ந்திருந்தது. காதலைக் கண்டவரோ சிவப்பைக் கண்டதும் விடையைச் சொல்லிவிட்டார். அவள் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது.

வாயிலை அடைந்தபோது அவர் நின்றார். “சுவாமிஜி, ஐந்து நிமிடம் பொறுங்கள்” என்று கூறி, மீண்டும் உள்ளே சென்றார்.