கற்பித்தது யாருக்குச் சொந்தம்?

பெரகல சந்தியில் மூன்று பாதைகள் பிரிகின்றன. ஒன்று ஹல்துமுல்லை வழியாகப் பலாங்கொடைக்கு இறங்குகிறது. ஒன்று ஹப்புத்தளைக்கு ஏறுகிறது. மற்றது கொஸ்லந்தையூடாக வெல்லவாய நோக்கிப் போகிறது. இச்சந்திக்கு அண்மையிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றில் பதினொரு வருடங்கள் தமிழ் கற்பித்தேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் சந்தித் தேநீர்க் கடையில்தான் கழியும்.

2006 பெப்ரவரி 22ஆம் திகதி பொகுராவில் நடந்த போட்டியில் பங்களாதேஷ் இலங்கையை 4 விக்கெட்டுகளால் வென்றது. ஒருநாள் போட்டியொன்றில் அவர்களிடம் நாம் தோற்றது அதுவே முதல் தடவை. மறுநாள் கடையில் அதே பேச்சு. வென்ற அணியின் பயிற்றுநர் டேவ் வட்மோர். கொழும்பில் பிறந்தவர். 1996இல் நாம் உலகக் கிண்ணத்தை வென்றபோது எமக்குப் பயிற்றுநராக இருந்தவர். ஆத்திரத்தில் நான் சொன்னேன்: "கூலிக்குப் போறவனுக்கு நாடென்ன, நன்றியென்ன!"

பக்கத்து வாங்கில் தோட்டத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். கோப்பையைக் கீழே வைத்தார். "கூலிக்கு வந்தவனுக்கு நாடு இல்லேன்னுதானே சேர் எங்க அப்பாகிட்டயும் சொன்னாங்க" என்றார். குரலில் கோபமில்லை. மீதித் தேநீரையும் குடித்துவிட்டுத்தான் எழுந்து போனார்.

அவர் சொன்னது வரலாறு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு பிரதமர்கள் கூடி 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே எனப் பங்கு பிரித்தார்கள். எஞ்சியவர்களின் பிரஜாவுரிமைக்கான சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. இதையெல்லாம் வகுப்பில் கற்பித்த நானே அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன். வட்மோரின் மீது எறிந்த கல் பெரியவரின் நெற்றியில் பட்டுவிட்டது.

அதன் பின்னர்தான் அந்த மனிதரின் பயணத்தை நிதானமாகப் பார்க்கத் தொடங்கினேன். 1954இல் இங்கே பிறந்து, 1962இல் சிறுவனாக அவுஸ்திரேலியாவுக்குப் போனவர். விக்டோரியா மாநிலத்துக்காக ஆடினார். அவுஸ்திரேலியாவுக்காக 7 டெஸ்ட் போட்டிகள். ஆட்டக்காரராகப் பெரிதாக எதையும் சாதித்தார் எனச் சொல்ல முடியாது. பயிற்றுநராகத்தான் உலகம் அவரை அறிந்தது. இலங்கை, இங்கிலாந்தின் லங்காஷயர், மீண்டும் இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான், சிம்பாப்வே, கேரளம், நேபாளம் எனப் போய்க்கொண்டே இருந்தார்.

இப்பயணத்தில் விசித்திரமான சந்திப்புகள் பல. 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் அவரது அணி தோற்கடித்தது, அவர் தொப்பி அணிந்து ஆடிய அவுஸ்திரேலியாவை. 2005 ஜூன் மாதம் கார்டிஃபில் அவர் பயிற்றுவித்த பங்களாதேஷ் அதே அவுஸ்திரேலியாவை வென்றது. அடுத்த வருடம் பிறந்த நாட்டையும் வென்றது. 2012 மார்ச்சில் டாக்காவில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி. அப்போது அவர் பாகிஸ்தானின் பயிற்றுநர். பங்களாதேஷ் 2 ஓட்டங்களால் தோற்றது. மைதானத்திலேயே அழுத வங்காள இளைஞர்களில் சிலரை வளர்த்தெடுத்தவர் அவர்தான். 2015 மே மாதம் சிம்பாப்வே அணியோடு லாகூருக்கு வந்து பாகிஸ்தானுக்கு எதிர்ப்பக்கத்தில் அமர்ந்திருந்தார்.

இவரைத் துரோகி என்பதா? 1996இல் அந்தச் சொல் எம்மில் எவர் வாயிலும் வரவில்லை. அவுஸ்திரேலியாவில் கற்றதைக் கொண்டு அவுஸ்திரேலியாவை வீழ்த்தியபோது 'எங்கட மனுசன்' என்று கொண்டாடினோம். பத்து வருடம் கழித்து அதே தொழிலை எதிர்ப்பக்கத்தில் நின்று செய்தபோது நன்றி கெட்டவன் என்றோம். எமக்குச் சாதகமானால் திறமை, பாதகமானால் துரோகம் என்பது அறம் ஆகாது. அது வெறும் கணக்கு.

எங்கும் போய்த் தன் அறிவைக் கொடுத்துச் சம்பளம் பெறுபவன் எமக்குப் புதியவனுமல்ல. தான்ஜியரில் பிறந்த இப்னு பதூதா டில்லியில் காழியாக இருந்தார். மாலைதீவிலும் காழியாக இருந்தார். 1344இல் இலங்கைக்கு வந்து பாவாத மலையும் ஏறினார். அவரைக் கூலிக்காரக் காழி என்று நாம் சொல்வதில்லை.

ஆனால் அதே கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. மாலைதீவில் ஆட்சியாளரோடு பிணக்கு ஏற்பட்டதும் இப்னு பதூதா கப்பலேறிவிட்டார். அவர் வழங்கிய தீர்ப்புகளோடு வாழ்ந்தவர்கள் தீவுக்காரர்கள். பயணிக்கிறவனுக்கு எப்போதும் ஒரு கப்பல் இருக்கிறது. இல்லாதவர்களும் இருக்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்களோடு புதைந்தவர்கள் போக வேறிடம் இல்லாதவர்கள். ஆகவே போகிறவனைக் குற்றவாளியாக்க வேண்டியதில்லை என்றாலும், போக முடியாதவர்களுக்கு அவன் எதை விட்டுப் போகிறான், எதை எடுத்துப் போகிறான் என்று கேட்கத்தான் வேண்டும்.

இந்தக் கேள்வி என்னிடமே வந்து சேர்ந்தது. தேநீர்க் கடைச் சம்பவம் நடந்து சில வருடங்களில் நானும் இடமாற்றம் பெற்று நகரத்துப் பெரிய பாடசாலையொன்றுக்குப் போனேன். பிள்ளைகளின் படிப்பு, உம்மாவின் வைத்தியம் எனக் காரணங்கள் இருந்தன. அவை பொய்யல்ல. அடுத்த வருடம் தமிழ்த் தினப் போட்டியின் விவாதத்தில் எனது புதிய மாணவர்கள் எனது பழைய மாணவர்களைச் சந்தித்தார்கள். புதியவர்கள் வென்றார்கள். மண்டப வாசலில் பழைய அணியின் தலைவி என்னிடம் வந்து கேட்டாள்: "எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததத்தான் அவங்களுக்கும் சொல்லிக் குடுத்தீங்களா சேர்?"

"ஓம் மகள்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அது முழு உண்மையல்ல. வாதத்தை எப்படிக் கட்டுவது, எப்படிச் சுருக்கி முடிப்பது என்பவற்றை இரு பாடசாலைகளுக்கும் ஒன்றாகவே கற்பித்தேன். அதில் பிழையில்லை. அறிவு கொடுக்கக் குறைவதில்லை, அதை ஒரு பாடசாலையின் சுவருக்குள் பூட்டிவைக்கவும் முடியாது. ஆனால் போட்டிக்கு முதல் நாள் புதிய மாணவர்களிடம் மேலதிகமாக ஒன்று சொன்னேன். "அந்தப் பிள்ளைகளை இடையில் மறித்துக் கேள்வி கேளுங்கள். தடுமாறுவார்கள்."

அது எனக்கு எப்படித் தெரியும்? பாடசாலை விட்ட பின்னர் வெற்று வகுப்பறையில் அந்தச் சிறுமி எனக்கு முன்னால் நடுங்கி நின்று, "யாராச்சும் குறுக்க பேசினா எல்லாம் மறந்து போகுது சேர்" என்று அழுதபடியால் தெரியும். தேற்றுவதற்காக என்னிடம் காட்டப்பட்ட காயம் அது. நான் அதை ஆயுதமாக்கினேன்.

தொழிலாகக் கற்பிப்பவன் எங்கும் போகலாம். இன்று ஒரு பக்கம், நாளை மறுபக்கம் நிற்கலாம். தான் கற்றதும் கண்டதும் அவனுடையவை. மைதானத்தில் எல்லோர் கண்ணிலும் படும் பலவீனத்தை அவன் பயன்படுத்தினாலும் குறை சொல்ல மாட்டேன், அது விளையாட்டு. ஆனால் நம்பி, தனிமையில் ஒருவர் அவனிடம் காட்டியது அவனுடையதல்ல. அது அமானிதம். ஒப்பந்தம் முடிந்தாலும் சம்பளம் நின்றாலும் அதன் தவணை முடிவதில்லை. அன்று கடையில் நாட்டின் பெயரால் வட்மோரை விசாரித்த நான், கேட்டிருக்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டுப் பிறப்புச் சான்றிதழைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தச் சிறுமி இப்போது தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியை. போன வருடம் பெரகல சந்தியில் கண்டேன். என்னைக் கண்டதும் குடையைத் தாழ்த்தி, "சேர், நல்லா இருக்கீங்களா?" என்று சிரித்தாள். மாணவர்களை விவாதப் போட்டிக்குத் தயார்படுத்துவதாகச் சொன்னாள். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் கொஸ்லந்தை பஸ் வந்துவிட்டது. அவள் வாசிக்கிறவள். இந்தப் பக்கங்கள் அவள் கைக்குப் போய்ச் சேரட்டும் என்றுதான் இதை எழுதினேன்.