ஜோவின் மறுப்பு

லூயிசா மே அல்கொட்டின் 'லிட்டில் விமன்' நாவலின் முதற்பாகம் 1868இல் வெளிவந்ததும், ஜோ லோரியையே மணக்க வேண்டுமென வாசகியர் எதிர்பார்த்தனர். அல்கொட் இணங்கவில்லை. 1869இல் வெளியான இரண்டாம் பாகத்தில் ஜோ, தன்னிலும் மூத்த பேராசிரியர் பாயரை மணக்கிறாள். இரசிகர்களோ தம் புனைவுகளில் இன்றும் அவளை லோரியோடு சேர்த்து வைக்கின்றனர்.

நேசித்த பாத்திரம் நன்றாக வாழவேண்டுமென விரும்புவது குற்றமன்று. ஆனால், லோரி கேட்டபோது ஜோ மறுத்தாளே! அவள் மனம் மாறிய காரணத்தை எழுதினால் அது கதை. மறுப்பையே மறந்துவிட்டால் அது வற்புறுத்தல்.

கற்பனைப் பெண்தானே எனலாம். கன்னிப் பெண்ணிடமும் சம்மதம் கேட்கச் சொல்கிறது நபிமொழி. கதையிற்கூட ஒரு பெண்ணின் 'இல்லை'யைப் பொறுக்காத மனம், வீட்டிலுள்ள குமரின் 'இல்லை'யை எப்படிச் செவிமடுக்கும்?