கல்லீரலும் ஸ்ரீபாஷ்யமும்

ஆணுக்கு மாரடைப்பு முந்தி வருவதும் பெண்ணுக்குச் சில ஆண்டுகள் பிந்தி வருவதும் படைப்பிலேயே எழுதிவைத்தது என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். மருத்துவமும் வெகுகாலம் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தது. பெண்ணைக் காப்பது ஈஸ்ட்ரோஜன் என்றால் ஆணையும் அது காக்குமே என்று, அமெரிக்காவில் ஏற்கெனவே மாரடைப்பு கண்ட ஆண்களுக்கு அதை மாத்திரையாகக் கொடுத்தார்கள். கூடுதல் அளவு வாங்கியவர்களுக்கு மறுபடி மாரடைப்பு அதிகம் வந்ததால் 1970-இல் அந்த அளவைக் கைவிட்டார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்த பெரிய சோதனையும் 2002-இல் பாதியில் நின்றது. இதயத்துக்குப் பாதுகாப்பு எதுவும் கிடைக்கவில்லை. ஹார்மோனையே விதியாகப் பார்த்தவர்களுக்கு இரண்டும் சங்கடமான முடிவுகள்.

பாலின ஹார்மோன்கள் ரத்தத்தில் பெரும்பாலும் தனியாகத் திரிவதில்லை. டெஸ்டோஸ்டிரோனையும் ஈஸ்ட்ரடையாலையும் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம் உண்டு. ஆய்வகச் சீட்டில் எஸ்.எச்.பி.ஜி. என்று இருக்கும். பெண்களுக்கு இது பொதுவாக அதிகம், ஆண்களுக்குக் குறைவு. எந்த ஹார்மோன் எவ்வளவு விடுபட்டுத் திசுக்களைச் சேரும் என்பதில் இதற்குப் பெரிய பங்கு. ஆனால் இது உருவாகும் இடம் விந்தகமோ சூலகமோ இல்லை, கல்லீரல். அங்கே நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். தேவைக்கு மேல் வந்து குவியும் சர்க்கரையைக் கல்லீரல் செல் கொழுப்பாக மாற்றுகிறது. அந்த வேலை மும்முரமாக நடக்கும்போது, இந்தப் புரதத்துக்கான மரபணுவை முடுக்கிவிடும் காரணி குறைந்துபோகிறது. 2007-இல் வெளியான ஆய்வு காட்டிய வழி இது. ஆக, ஆண் பெண் வேறுபாட்டின் ஒரு பகுதி நாம் உண்பதைக் கேட்டு நடக்கிறது. இந்தப் புரதம் குறைந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு இரு பாலாரிடமும் கூடுதல். மரபணு வழி ஆதாரமும் 2009-இல் அதையே சொன்னது. இதய நோயில் முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. புரதம் குற்றவாளியா, வெறும் தடயமா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. தடயம் மட்டும்தான் என்றாலும் என் வாதத்துக்குப் போதும்: இயற்கை என்று நாம் கைகழுவிவிட்ட ஒன்றில் வாழ்க்கைமுறையின் ரேகை பதிந்திருக்கிறது.

அப்படியானால் இந்த உடல் யாருடைய பொறுப்பு? ஸ்ரீபெரும்புதூரில் இதைக் கேட்பது பொருத்தம். 1017-இல் வைணவ ஆசாரியர் ராமாநுஜர் பிறந்த ஊர். அவருடைய ‘தானுகந்த திருமேனி’ என்னும் சிலை இன்றும் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் இருக்கிறது. சரீரம் என்பதற்குத் தம் பிரம்மசூத்திர உரையான ஸ்ரீபாஷ்யத்தில் அவர் இலக்கணமே வகுத்தார்: ஓர் ஆத்மா தன் பொருட்டு முழுக்க ஆளக்கூடியது, தாங்கக்கூடியது, அதற்கே உரிமைப்பட்டது. நோயால் முடங்கிய உடலை ஆத்மா ஆள முடிவதில்லையே என்ற ஆட்சேபத்தையும் அவரே எடுத்துக்கொள்கிறார். ஆளும் சக்தி போய்விடவில்லை, தடைப்பட்டிருக்கிறது என்பது பதில். சக்தி தடைப்பட்ட தீயின் சூடு தெரியாமல் இருப்பதுபோல. எனக்கு அந்தத் தடை என்ற சொல்தான் முக்கியமாகப் படுகிறது. தடை என்றால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். இதே வட்டாரத்துத் தொழிற்பேட்டையான ஒரகடத்தின் கூட்டுரோட்டில் நைட் ஷிப்ட் முடித்துக் கழுத்தில் அடையாள அட்டையோடு கம்பெனி பஸ்ஸில் தூங்கிவழிபவருக்கு, உண்ணும் நேரத்தையும் உறங்கும் நேரத்தையும் குறிப்பது ஷிப்ட் அட்டவணை. அருகிலுள்ள வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க 2024-இல் விடுதி திறந்தார்கள். அங்கே படுக்கையும் சாப்பாடும்கூடப் பொது ஏற்பாடு. சுழற்சி முறையில் இரவுப் பணி பார்த்த அமெரிக்கச் செவிலியரை 24 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியான ஆய்வு, ஆண்டுகள் கூடக்கூட இதய நோய் ஆபத்தும் ஓரளவு கூடுவதைக் கண்டது. அவர்கள் அத்தனை பேரும் பெண்கள்.

உடல் வாய்ப்பது கர்மத்தால் என்று சொன்னவரும் ராமாநுஜர்தானே என்று வைணவர் ஒருவர் மறிக்கலாம். உண்மைதான். ஆனால் ஜீவனின் முதல் முயற்சியைப் பார்த்தே ஈசுவரன் அனுமதி தருகிறான் என்றவரும் அவரே. எந்த உடல் வாய்த்தது என்பதற்குக் கர்மம் காரணமாகலாம். கேன்டீனில் இரவு 2 மணிக்கு என்ன பரிமாறுவது என்பதைப் பூர்வஜென்மத்தின் தலையில் கட்ட முடியாது. இன்னொரு ஆட்சேபம் கனமானது: யாரும் கட்டி இழுத்து வரவில்லை, தங்கை கல்யாணத்துக்கோ வீட்டுக் கடனுக்கோ தாமே விரும்பித்தான் இந்த வேலையை ஏற்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். இலக்கணத்தில் உள்ள ‘தன் பொருட்டு’ என்ற பகுதி அதனால் நிறைவேறுகிறது. சம்பளம் வருவதால் தாங்குதலும் நிறைவேறுகிறது. ஆளுதல்தான் பாக்கி. அதைக் கேட்காமல், மருத்துவப் பரிசோதனை முகாமில் சர்க்கரை கூடியிருக்கிறது என்று சொல்லி ‘நேரத்துக்குச் சாப்பிடுங்க, நல்லா தூங்குங்க’ என்று சீட்டு எழுதுவது, அட்டவணை போட்டவரிடம் கேட்க வேண்டியதைத் தொழிலாளியிடம் கேட்பதாகும்.