ஐயத்தின் பயன் யாருக்கு?

வெப்பமண்டல நாட்டில் பணியாற்றியபோது தொற்றிய நோயின் நீங்காத பாதிப்புக்காக அமெரிக்க முன்னாள் படைவீரர் ஒருவர் ஊன இழப்பீடு கோரினால், அந்த நோய் பணிக்காலத்தில்தான் வந்தது என்பதை யார் மெய்ப்பிக்க வேண்டும்? மலேரியா, யானைக்கால், காலா அசார், சீதபேதி முதலிய நோய்களுக்கு அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு. இவை பணியிலிருந்து விலகிய ஓராண்டுக்குள் போதிய கடுமையோடு தலைகாட்டினால், அல்லது நோயரும்பும் காலம் பணியின்போதே தொடங்கியிருக்கும் என மருத்துவ நூல்கள் காட்டினால், பணியால் வந்தவையாகவே கொள்ளப்படும். இந்நோய்களுக்கோ, இவை வராமல் தடுக்கவோ தந்த மருந்தால் நேர்ந்த கேடும் இதில் அடங்கும்.

பட்டியலுக்கு வெளியே நிற்பவரின் நிலை வேறு. தென்கிழக்காசிய ஆற்றுமீனைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றவரின் பித்தநாளத்தில் கல்லீரல் தட்டைப்புழு குடியேறலாம். அது இருபது ஆண்டுகளுக்கு மேலும் அறிகுறி காட்டாமல் வாழ்ந்து, பித்தநாளப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடியது. 1960களில் வியட்நாமில் இருந்தவருக்கு எழுபது வயதில் புற்று தெரியவரும்போது, புழு செத்துத் தடயமே இல்லாமலும் போயிருக்கலாம். பணிக்காலப் பதிவேட்டிலும் ஒன்றும் இருக்காது. நோயென்று அவர் அன்று மருத்துவரிடம் போனதே இல்லையே! இந்தப் புழுநோய் பட்டியலில் இல்லாததால், தொடர்பை நிறுவும் பாரம் அவர் தலையிலேயே விழுகிறது.

அரசின் தயக்கத்திலும் நியாயம் உண்டு. புழு இல்லாதவருக்கும் இந்தப் புற்று வருகிறது. செலவாவது மக்களின் வரிப்பணம்.

ஆனால் சான்று இல்லாமல் போனதில் இரு தரப்பின் பங்கும் ஒன்றல்ல. எங்கே போவது என்பதைத் தீர்மானித்ததும், பதிவேட்டை எழுதிக் காத்ததும் அரசுதான். 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீயில், 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அழிந்தது. அரசின் பொறுப்பிலிருந்த தாள் எரிந்ததற்கு, பசிபிக் தீவுகளில் காய்ச்சலில் கிடந்தவரைத் தண்டிப்பது அறமாகாது.

இருபுறச் சான்றும் ஏறத்தாழச் சமமாக நின்றால், முன்னாள் வீரருக்குச் சாதகமாகவே தீர்க்க வேண்டும் என்று சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. புழுநோயிலோ சான்று அந்தச் சமநிலையை எட்டுவதே அரிது. எனவே புழு பரவிய பகுதியில் பணி, அங்கு ஆற்றுமீன் உண்டதாக நம்பத்தக்க வாக்குமூலம், பித்தநாளப் புற்று ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால், தொடர்பு இல்லை என்று மெய்ப்பிக்கும் கடமையை அரசே ஏற்க வேண்டும்.