எழுதாத மொய்

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

இன்னைக்கு என் கதையையும் கொஞ்சம் சேர்த்துத்தான் சொல்லப் போறேன். பெருமைப்படுற கதை இல்ல. படிச்சிட்டுத் திட்டணும்னு தோணுச்சுன்னா திட்டுங்க, வாங்கிக்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி நானும் என் சேக்காளி ஒருத்தனும் ஒண்ணா டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிச்சோம். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே செட் புத்தகம்தான். ஒரு நாள் அவன் வீட்டுல இருக்கும், மறுநாள் என் வீட்டுல இருக்கும். பணம் இல்லாத நாள்ல ஒரு டீயை ரெண்டாப் பிரிச்சுக் குடிச்சிருக்கோம். ரிசல்ட் வந்துச்சு. அவனுக்குக் கிடைச்சது, எனக்குக் கிடைக்கல. கொஞ்ச மார்க்குலதான் போச்சு. அந்தக் "கொஞ்சம்"தான் ரொம்ப வலிக்கும், தோத்தவங்களுக்குத் தெரியும்.

அதுக்கப்புறம் வீட்டுல தினமும் அவன் பேச்சுதான். "உன்கூடத்தானே படிச்சான், அவனைப் பாரு." சொந்தக்காரங்க ஒருபக்கம், "தம்பி இப்ப என்ன பண்றீங்க?" தை மாசம் அவனுக்குக் கல்யாணம். வீடு தேடி வந்து, "மாப்ள, முதல் நாளே வந்துரணும்டா"ன்னு பத்திரிகை வச்சான். நான் போகல. காய்ச்சல்னு பொய் சொன்னேன். சொல்லிட்டுப் போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு, எல்லாரும் வச்ச ஸ்டேட்டஸ்ல அந்தக் கல்யாணத்தை ஒவ்வொரு போட்டோவாப் பெருசு பண்ணிப் பார்த்தேன். உடம்புல காய்ச்சல் இல்ல. ஆனா அன்னைக்கு எனக்கு இருந்தது காய்ச்சல் இல்லேன்னு சொல்லவும் முடியல.

சித்திரை வந்துச்சு. மீனாட்சி திருக்கல்யாண நேரம். பழங்காநத்தம் பக்கம் வண்டியில வந்துட்டிருந்தேன், ஒரே கூட்டம், நகர முடியல. எட்டிப் பார்த்தா திருப்பரங்குன்றம் முருகன் தெய்வானையோட வந்துட்டிருக்கார். பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு அவங்க அப்பாகிட்ட, "சாமி எங்கப்பா போறார்?"னு கேட்டுச்சு. "கல்யாணத்துக்குப் போறார்மா"ன்னார் அவர்.

மதுரைக்காரங்களுக்கு இது பிறந்ததுல இருந்து தெரிஞ்ச சேதி. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்றேன். வருஷா வருஷம் மீனாட்சி கல்யாணத்துக்குத் திருப்பரங்குன்றத்துல இருந்து முருகன் தெய்வானையோட மதுரைக்கு வருவார். தங்கச்சியைத் தாரை வார்த்துக் கொடுக்கப் பவளக்கனிவாய்ப் பெருமாளும் வருவார். மதுரையே கல்யாண வீடாயிரும். பொம்பளைங்க எல்லாம் தாலிக்கயிறு மாத்திக்குவாங்க. விருந்து சாப்பிட்டுட்டு ஜனங்க மொய் எழுதிட்டுப் போவாங்க. ஆமாங்க, சாமி கல்யாணத்துக்கு மொய் எழுதுற ஊரு எங்க ஊரு.

அந்தத் திருவிழாவுல யோசிச்சுப் பாருங்க. பட்டாபிஷேகம் மீனாட்சிக்கு. தேர் மீனாட்சிக்கும் சொக்கநாதருக்கும். அடுத்து சித்ரா பௌர்ணமிக்கு ஆத்துல இறங்குறது கள்ளழகர். லட்சக்கணக்குல ஜனம் வந்து நிக்கிறது அவங்களைப் பார்க்கத்தான். இதுல முருகன் யாரு? விருந்தாளி. தன் வீட்டுல அவர்தான் ராஜா, அறுபடை வீட்டுல முதல் வீடு அது. அப்படிப்பட்டவர் இன்னொரு வீட்டு விசேஷத்துல கூட்டத்தோட கூட்டமா வந்து நின்னு, பார்த்து, சந்தோஷப்பட்டுட்டுத் திரும்பிப் போறார். "எனக்குக் காய்ச்சல்"னு சொல்லல.

வண்டியில உக்காந்தபடியே கன்னத்துல போட்டுக்கிட்டேன். கண்ணு நிறைஞ்சிருச்சு. பின்னாடி இருந்தவர் ஹாரன் அடிச்சார், அது வேற கதை.

இன்னொண்ணும் இருக்கு. இது ஒருவழிப் போக்குவரத்து இல்ல. பங்குனியில திருப்பரங்குன்றத்துல முருகனுக்கும் தெய்வானைக்கும் திருக்கல்யாணம். அப்ப மீனாட்சியும் சொக்கநாதரும் கிளம்பி இங்க வருவாங்க. பங்குனியில இவர் மாப்பிள்ளை, அவங்க விருந்தாளி. சித்திரையில அவங்க மாப்பிள்ளை பொண்ணு, இவர் விருந்தாளி. ஒரு மாசத்துலயே இடம் மாறிடுது. யாருக்கு எப்ப மாலை விழும்ங்கிறது முறைதானே தவிர, யார் பெரியவங்கங்கிற கணக்கு அதுல கிடையாது.

மறுநாள் திருப்பரங்குன்றம் போனேன். உள்ள இருக்கிறது பாண்டியர் காலத்துக் குடைவரை, மலையைக் குடைஞ்சு செஞ்ச கருவறை. 8-ம் நூற்றாண்டுன்னு சொல்றாங்க. நாம பெரும்பாலும் முருகனைப் பார்த்துட்டு வெளிய வந்துருவோம். அடுத்த தடவை நின்னு பாருங்க. ஒரே பாறையில நடுவுல துர்க்கை, ஒரு பக்கம் முருகன், இன்னொரு பக்கம் பிள்ளையார்.

அன்னைக்குத்தான் எனக்குச் சுருக்குன்னு பட்டுச்சு. பழத்துக்காகப் போட்டி போட்ட அண்ணனும் தம்பியும் ஒரே பாறையில இருக்காங்க! ஞானப்பழக் கதையை நம்ம வீட்டுல எப்பவும் "அண்ணன் புத்திசாலி"ன்னுதான் சொல்லி முடிப்பாங்க. தோத்த பையன் பக்கம் யாரும் உக்காரமாட்டாங்க. உலகத்தை உண்மையாவே சுத்தி வந்தவன் அவன். ஏமாத்தல, சோம்பேறித்தனம் பண்ணல. திரும்பி வந்தா பழம் அண்ணன் கையில. அந்தக் கோபத்துல எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டுப் பழனிக்கு ஆண்டியாப் போனார். சாமிக்கே அந்த வலி இருந்திருக்கு. அதனால உங்களுக்கு வலிக்குதுன்னா அது பாவம் ஒண்ணும் இல்ல.

இதுக்குச் சிலர், "பார், பழம் போனாலும் இன்னைக்குப் பழனிக்குத்தான் கூட்டம் அதிகம்"னு ஆறுதல் சொல்வாங்க. எனக்கு அது பிடிக்காது. பழத்துல தோத்ததைக் கூட்டத்துல ஜெயிச்சுக் காட்டணும்னா, அந்தப் போட்டி இன்னும் முடியலேன்னுதானே அர்த்தம்?

எனக்கு ஆறுதல் கிடைச்சது வேற இடத்துல. பழனியில கோவணத்தோட நிக்கிறதும் இங்க மணக்கோலத்துல உக்காந்திருக்கிறதும் ஒரே ஆள்தானே. ஆண்டியா நிக்கிற காலம் ஒண்ணு, மாலையும் கழுத்துமா இருக்கிற காலம் ஒண்ணு. பழனி முருகனைப் பார்த்து, "திருப்பரங்குன்றத்துல பாரு, எவ்வளவு நல்லா செட்டிலாகி இருக்கார், நீ இன்னும் இப்படியே நிக்கிற"ன்னு யாராவது சொல்வோமா? சொன்னா அபத்தமா இருக்கும். ஆனா நம்மளையே நாம தினமும் அப்படித்தான் கேக்குறோம். என் சேக்காளி பரங்குன்றத்துல இருந்தான், நான் பழனியில இருந்தேன். அவ்வளவுதான் விஷயம். அவன் மாலையைப் பார்த்து நான் என் கோவணத்தைக் கேவலமா நினைச்சேன்.

அங்க இருந்தே அவனுக்குப் போன் போட்டேன். "மாப்ள, அன்னைக்குக் காய்ச்சல் இல்லடா"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "தெரியும்டா. சாப்டியா?"ன்னான்.

ஆவணியில என் தங்கச்சிக்குக் கல்யாணம். குடும்பத்தோட முதல் நாளே வந்துட்டான். பந்தியில இலை போட்டு, சாம்பார் வாளி தூக்கி, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மண்டபத்துல கிடந்தான். எல்லாம் முடிஞ்சு மொய் நோட்டை எடுத்து அப்பா வாசிக்க, நான் கூட்டிக்கிட்டு வந்தேன். அவன் பேர் வந்துச்சு. 1,001 ரூபாய். எங்க பக்கத்துல மொய்ங்கிறது செஞ்சதுக்குச் செய்யிறது. அவன் கல்யாண நோட்டைப் புரட்டினா என் பேர் இருக்காது. நான் எழுதாத மொய்யை அவன் எனக்குத் திருப்பி எழுதியிருக்கான். அப்பா அடுத்த பேருக்குப் போயிட்டார், எனக்குத்தான் கணக்கு நின்னு போச்சு.

இப்ப நான் கீழமாசி வீதியில ஒரு மொத்தக் கடையில கணக்கு எழுதுறேன். பொறாமை போயிருச்சுன்னு புளுக மாட்டேன். கூட வேலை பார்க்கிறவனுக்குச் சம்பளம் ஏறினா இன்னும் வயித்துக்குள்ள ஒண்ணு புரளத்தான் செய்யுது. அப்ப "முருகா"ன்னு ஒரு தடவை சொல்லிட்டு, எந்திரிச்சுப் போய் அவன் கையைப் பிடிச்சு வாழ்த்துச் சொல்லிட்டு வந்துருவேன். மனசு மாறினதுக்கு அப்புறம் போலாம்னு காத்திருக்கிறதில்ல. காலு முதல்ல போகும், மனசு மெதுவா வந்து சேரும். சில நாள் வராமலும் இருக்கும், பரவாயில்ல.

போன வாரம் சேக்காளி வீட்டுக்கு வந்தான். ஊமச்சிகுளம் பக்கம் வீடு கட்டியிருக்கான், வர்ற முகூர்த்தத்துல கிரகப்பிரவேசம். பத்திரிகையை அம்மா கையில கொடுத்துட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சான். "இந்தத் தடவை காய்ச்சல் வருமாடா?"

விடியக்காலை நாலு மணிக்கே பால் காய்ச்சணுமாம். கேஸ் அடுப்பைத் தூக்கிட்டு வர்ற வேலையை எனக்குக் கொடுத்திருக்கான். முதல் நாள் ராத்திரியே போயிருவேன்.

முருகா சரணம்.