"இது உங்களுக்கு, ஹஜ்ரத்!"

ரமளான் பிறந்துவிட்டால் தனவந்தர்களின் வாசலில் மத்ரஸா ரசீது புத்தகத்தோடு நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நானும் சில ஆண்டுகள் அப்படி நின்றவன்தான்.

ஒருமுறை, பெருந்தொகை தந்து ரசீது பெற்றுக்கொண்ட முதலாளி ஒருவர், வழியனுப்பும்போது மடித்த நோட்டுகளை என் சட்டைப் பையில் வைத்து, "இது மத்ரஸாவுக்கல்ல, உங்களுக்கு, ஹஜ்ரத்!" என்றார். மனம் குளிர்ந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் இப்னுல் லுத்பிய்யாவின் நினைவு வந்தது. புகாரி ஷரீஃபில் ஓதிக் கடந்து போன ஹதீஸ்தான்!

பனூ ஸுலைம் கூட்டத்தாரிடம் ஸகாத் வசூலிக்க அவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்தவர், ஸகாத் பொருளைத் தனியாகவும் தமக்கு அன்பளிப்பாகக் கிடைத்ததைத் தனியாகவும் பிரித்து வைத்தார். அண்ணலார் (ஸல்) அவர்கள் கோபமுற்றார்கள். தாய் தந்தையர் வீட்டிலேயே அவர் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று மிம்பரில் ஏறிக் கேட்டார்கள்.

நான் வீட்டிலிருந்தால் அந்த முதலாளிக்கு என் பெயராவது தெரிந்திருக்குமா?

வசூலுக்கு அலைபவர் ஊதியம் பெறுவது குற்றமல்ல. ஸகாத் பெறும் எட்டு வகையினரில் அதை வசூலிப்போரையும் ஸூரத்துத் தவ்பாவின் 60ஆம் வசனம் சேர்த்திருக்கிறது. ஆனால் "நூற்றுக்கு இவ்வளவு" என்று பேசுகிறார்களே, கூலி இன்னதென்று முன்கூட்டியே தெரியாத அந்த ஒப்பந்தத்தை உலமாக்கள் பலர் கூடாதென்கிறார்கள். நிர்வாகிகளே! அரைவயிற்றுச் சம்பளம் கொடுத்து அனுப்பிவிட்டு, வசூலுக்குப் போனவரின் சட்டைப் பையை மட்டும் சந்தேகிப்பது நியாயமா?

மறுநாள் அந்தத் தொகைக்கும் மத்ரஸா ரசீது எழுதி முதலாளிக்குத் தபாலில் அனுப்பினேன். கோபித்துக்கொள்வாரோ என்ற அச்சம் எனக்கிருந்தது. அடுத்த ரமளானில் போனபோது அவர் முதலில் எடுத்துக் காட்டியது அந்த ரசீதைத்தான்.